தாகம், டயாலிசிஸ் கை, இளநீர்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு செவிலியர் பதில்

வணக்கம் சிஸ்டர். என் மாமனாருக்கு 62 வயது. சர்க்கரை நோயால் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது. தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ராத்திரியில் எழுந்து குடத்தில் மோந்து குடித்துவிடுகிறார். கேட்டால் சண்டை, சில நாள் அழுகை. அவர் கண்ணுக்கு நான் கொடுமைக்காரியாகத் தெரிகிறேன். என்ன செய்யட்டும்?
— வாசகி, ஒட்டன்சத்திரம்

உங்கள் மாமனார் வீம்புக்குக் குடிக்கவில்லைம்மா, அதை முதலில் நம்புங்கள். உடம்பில் உப்பு ஏறினால் தாகம் எடுத்தே தீரும், எவ்வளவு மன உறுதி உள்ளவரும் அதைத் தாங்க முடியாது. அதனால் குடத்தை ஒளித்து வைப்பதை விட்டுவிட்டு, உப்பு எந்த வழியாக வருகிறது என்று தேடுங்கள். "குழம்பில் உப்பே போடுவதில்லை சிஸ்டர்" என்று எல்லா வீட்டிலும்தான் சொல்கிறார்கள், ஆனால் தட்டு ஓரத்தில் அப்பளம் இருக்கும், மோர்மிளகாய் இருக்கும், சாயங்காலம் டீயோடு மிக்சர், வாரத்தில் ஒரு நாள் கருவாடு. எல்லாம் சேர்த்து உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் அடங்க வேண்டும். இந்துப்பும் உப்புதான், அதில் சலுகை கிடையாது. கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்கவே வாங்காதீர்கள், அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், இவருக்கு அது நேராக இதயத்தைத் தாக்கும். அப்புறம், சர்க்கரை அளவு கூடினாலும் தாகம் எடுக்கும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் கணக்குக்கு ஒரு வழி சொல்கிறேன். முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மில்லி சேர்த்துக் கொடுப்பது பொதுவான வழக்கம், உங்கள் டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. காலையில் அந்த அளவை ஒரு பாட்டிலில் ஊற்றி அவர் முன்னாலேயே வையுங்கள். காபியோ, ரசமோ, கஞ்சியோ எது குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடுங்கள். மீதி எவ்வளவு என்று அவரே பார்க்கும்போது நீங்கள் காவல் காக்க வேண்டியதில்லை. ராத்திரிப் பங்கு 150 மில்லியைத் தனியாக ஒரு சின்னச் சொம்பில் ஊற்றிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், அது அவருடையது, எப்போது வேண்டுமானாலும் குடிக்கட்டும். நாக்கு வறண்டால் வாய் கொப்பளித்துத் துப்பலாம், ஒரு ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொள்ளலாம் (அதையும் கணக்கில் சேருங்கள்).

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே மிஷினில் எடை பார்த்து எழுதி வையுங்கள். ஓரிரு நாளில் ஏறுகிற ஒரு கிலோ என்பது சதை இல்லை, ஒரு லிட்டர் நீர். அதையெல்லாம் நான்கு மணி நேரத்தில் டயாலிசிஸ் மிஷின் வேகமாக இழுக்கும்போதுதான் பிரஷர் இறங்கி, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு துடிக்கிறார்கள். இந்தக் காரணத்தை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள், அதட்டலைவிட அது நன்றாக வேலை செய்யும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் மட்டும் அடுத்த டயாலிசிஸ் நாளுக்குக் காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.

கணவருக்கு டயாலிசிஸுக்காகக் கையில் பிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்து அமைக்கும் ரத்த வழி) போட்டிருக்கிறார்கள். வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகி, கடலூர்

காலையும் மாலையும் அந்த இடத்தில் விரல் வைத்துப் பாருங்கள், உள்ளே கிர்ரென்று ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தாமதித்தால் அந்த வழியே அடைந்துபோகும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது. எந்த மருத்துவமனையிலும் இதை நீங்களே தயங்காமல் சொல்லுங்கள். வாட்ச், குடம் தூக்குவது, அந்தக் கைமேல் படுப்பது எதுவும் வேண்டாம். ரத்தம் கசிந்தால் கசியும் இடத்தை விரலால் விடாமல் அழுத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் 108.

டயாலிசிஸ் செய்கிற அம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கொடுக்கலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

வேண்டவே வேண்டாம். பாசத்தில்தான் கொண்டுவருகிறார்கள், ஆனால் இளநீரில் இருக்கும் பொட்டாசியத்தை வெளியேற்றச் சிறுநீரகம் இல்லை. வாழைத்தண்டுச் சாற்றுக்கும் அதே பதில்தான். ஸ்டார் ஃப்ரூட் எனும் விளிம்பிப்பழம் இன்னும் மோசம், வலிப்பு வரை கொண்டுபோகும். காய்களில் இருக்கும் பொட்டாசியம் குறைய, அவற்றைத் தோல் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுச் சமையுங்கள். இவ்வளவு கட்டுப்பாடு சொல்கிறேனே என்று பயந்து அம்மாவைப் பட்டினி போட்டுவிடாதீர்கள். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு புரதம் முன்னைவிடக் கூடுதலாகத் தேவை, முட்டையின் வெள்ளைக்கரு அதற்கு நல்லது. மூட்டுவலிக்குக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுப்பதும் கூடாது.