குக்கீ தடுப்பை ஆன் செய்த பிறகும் டிராக்கர் உள்ளே வருமா?

கேள்வி: பிரவுசரில் டிராக்கிங் குக்கீகளை (நம்மைப் பின்தொடரத் தளங்கள் நம் கருவியில் போட்டுவைக்கும் சிறு கோப்புகளை) தடுக்கும் வசதியை ஆன் செய்துவிட்டேன். இனி யாரும் என்னைப் பின்தொடர முடியாதுதானே?

முடியும். தடுப்பு என்று இருந்தால் விலக்கும் இருக்கும். செட்டிங்ஸ் பக்கத்தில் அது பெரும்பாலும் கண்ணில் படாது.

சஃபாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தரப்பு குக்கீகளை, அதாவது நீங்கள் திறந்த தளம் அல்லாத வேறு தளங்கள் போடும் குக்கீகளை, முன்பே தடுத்துவந்த பிரவுசர் அது. ஆனால் நீங்கள் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால், அந்தத் தளத்தோடு விரும்பித்தான் தொடர்பு கொள்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு அப்போது குக்கீயை அனுமதித்துவந்தது. நியாயமான விலக்குதான். கூகுளின் விளம்பர நிரல் இதைப் பிடித்துக்கொண்டது. பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஐஃப்ரேம் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டம்), அதற்குள் ஒரு காலிப் படிவம், அதை ஜாவாஸ்கிரிப்ட்டே அனுப்பிவிடும். நீங்கள் விரலைக்கூட அசைத்திருக்க மாட்டீர்கள். முதல் குக்கீ நுழைந்துவிட்டால் அதே டொமைனின் (தள முகவரியின்) அடுத்த குக்கீகளுக்கும் தடை இருக்கவில்லை. இதில் கூத்து என்னவென்றால், சஃபாரி வைத்திருப்பவர்கள் தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை என்று கூகுளின் உதவிப் பக்கமே சொல்லிக்கொண்டிருந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு செய்துவந்த ஜோனதன் மேயர் 2012 பிப்ரவரியில் இதை அம்பலப்படுத்தினார். அந்த ஆகஸ்டில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி கூகுளுக்கு விதித்த அபராதம் 2.25 கோடி டாலர்.

அது வெளியாள் புகுந்த கதை. பிரவுசர் நிறுவனமே வழிவிட்ட கதையும் உண்டு, எனக்கு அதுதான் அதிக எரிச்சல். 2022 மே மாதம் ஜாக் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர் தனியுரிமைக்குப் பெயர்போன தேடுபொறி நிறுவனம் டக்டக்கோவின் மொபைல் பிரவுசரைச் சோதித்தார். கூகுள், ஃபேஸ்புக் டிராக்கர்களைத் தடுத்த அந்த பிரவுசர், மற்ற தளங்களில் இருந்த மைக்ரோசாஃப்டின் பிங், லிங்க்ட்இன் ஸ்கிரிப்டுகளை (பக்கத்தோடு சேர்ந்து ஓடும் சிறு நிரல்களை) மட்டும் ஓடவிட்டது. மைக்ரோசாஃப்டுடன் போட்ட தேடல் ஒப்பந்தமே காரணம் என்று அதன் தலைவர் கேப்ரியல் வைன்பெர்க் ஒப்புக்கொண்டார். குக்கீயைத் தடுக்கத்தான் செய்கிறோம், ஸ்கிரிப்ட் ஏறுவதைத்தான் தடுக்கவில்லை என்பது அவர்கள் தரப்பு. ஸ்கிரிப்ட் ஏறினாலே உங்கள் ஐபி முகவரி அந்த சர்வருக்குப் போய்விடுமே! ஆகஸ்டில் அந்த விலக்கைப் பெருமளவு நீக்கி, தடுப்புப் பட்டியலையும் பொதுவில் வைத்தார்கள்.

பிரேவ் பிரவுசரிலும் ஃபேஸ்புக், ட்விட்டருக்கு விலக்கு நிரலிலேயே எழுதப்பட்டிருந்தது 2019-ல் பேச்சானது. தடுத்தால் லாகின் பட்டன்களும் பதிவுகளும் உடைந்துவிடும் என்றார்கள். அதுவும் உண்மைதான்.

நீங்களே பார்க்க வேண்டுமா? கணினியில் குரோமைத் திறந்து, ஏதாவது ஒரு செய்தித் தளத்தில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதிக்குப் போய் மூன்றாம் தரப்புக் கோரிக்கைகளை மட்டும் வடிகட்டி, பக்கத்தை ரீலோடு செய்யுங்கள். தடுப்பைத் தாண்டி எந்தெந்த டொமைன்களுக்குத் தகவல் போகிறது என்று வரிசையாக வரும். மொபைலில் எஃப்12 கிடையாது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் யுபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பு நீட்சியைப் போட்டுக்கொண்டால் அதன் லாகரில் (பதிவுப் பட்டியலில்) இதே விவரம் கிடைக்கும்.