40 கணினிகளுக்கும் இருந்த இடத்திலிருந்தே டிரைவர் போட

கல்லூரி லேபில் ஒரே மாடலில் 40 விண்டோஸ் 11 கணினிகள், ஒவ்வொன்றாக உட்காராமல் கமாண்ட் லைனிலிருந்தே டிரைவர் (வன்பொருளை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) போட முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும். இதற்காகத் தனி மென்பொருள் எதையும் வாங்காதீர்கள், விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் பிஎன்பியூட்டில் என்ற டிரைவர் கட்டளைக் கருவி போதும்.

எல்லாம் ஒழுங்காக ஓடும் ஒரு கணினியில் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தை அட்மினாகத் திறந்து 'பிஎன்பியூட்டில் /எக்ஸ்போர்ட்-டிரைவர் *' என்று அடித்து, ஏற்கெனவே உருவாக்கி வைத்த ஒரு ஃபோல்டரின் பாதையைக் கடைசியில் கொடுங்கள். விண்டோஸோடு வராமல் தனியாகப் போட்ட டிரைவர்கள் அத்தனையும் ஐஎன்எஃப் ஃபைல்களோடு (டிரைவரை எப்படி நிறுவுவது என்று விண்டோஸுக்குச் சொல்பவை) அங்கே வந்துவிடும். மற்ற கணினிகளில் பிஎன்பியூட்டிலோடு /ஆட்-டிரைவர் (டிரைவரைச் சேர்), /சப்டிர்ஸ் (உள் ஃபோல்டர்களிலும் தேடு), /இன்ஸ்டால் (நிறுவு) மூன்றையும் சேர்த்து ஓட்ட வேண்டியதுதான்.

தூரத்திலிருந்து ஓட்ட, வேறு கணினியில் கட்டளையை இயக்கும் பவர்ஷெல்லின் இன்வோக்-கமாண்ட். அதற்கு எல்லாக் கணினியிலும் பவர்ஷெல் ரிமோட்டிங்கை (வெளியிலிருந்து வரும் கட்டளைகளை ஏற்கும் வசதி) ஒருமுறை இயக்கி வைக்க வேண்டும், டொமைன் (எல்லா லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இல்லாத லேப் என்றால் உங்கள் கணினியில் டிரஸ்டட்ஹோஸ்ட்ஸ் என்ற நம்பகமான கணினிகளின் பட்டியலையும் நிரப்ப வேண்டும். பலரும் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது: டிரைவர் ஃபோல்டர் சர்வர் ஷேரில்தானே இருக்கிறது என்று அந்தப் பாதையைக் கொடுத்தால் 'ஆக்சஸ் டினைடு' வரும், ஏனென்றால் உங்கள் லாகின் நீங்கள் இணைந்த லேப் கணினி வரைதான் செல்லும், அங்கிருந்து மூன்றாவது கணினிக்குப் போகாது. ஆகவே காப்பி-ஐட்டம் கட்டளையில் -டூசெஷன் சேர்த்து முதலில் ஒவ்வொன்றின் டிஸ்க்குக்கும் ஃபைல்களை அனுப்பிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் பிஎன்பியூட்டில் திருப்பித் தரும் எண்ணைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். 0 என்றால் முடிந்தது, 3010 என்றால் முடிந்தது ஆனால் ரீஸ்டார்ட் வேண்டும். 259 வந்தால் பதற வேண்டாம், பொருந்தும் சாதனம் இல்லை அல்லது இதைவிட நல்ல டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம்.

நெட்வொர்க் கார்டு டிரைவரை மட்டும் இந்தக் கூட்டத்தோடு சேர்க்காதீர்கள். அது மாறும் நொடியில் உங்கள் இணைப்பே அறுந்து வேலை பாதியில் நின்றுவிடலாம். அந்தந்தக் கணினியிலேயே சிஸ்டம் (விண்டோஸின் சொந்த உள்கணக்கு) கணக்கில் ஓடும் ஷெட்யூல்டு டாஸ்க்காக, அதாவது தானாக ஓடும் வேலையாக, வையுங்கள்.

அப்புறம், பழைய டிரைவரை நீக்கும்போது ஓஇஎம்12 போன்ற எண்ணை நம்பி ஒரே கட்டளையை 40 கணினிக்கும் அனுப்பவே கூடாது. அந்த எண்ணை ஒவ்வொரு விண்டோஸும் தன் போக்கில் போட்டுக்கொள்கிறது, இங்கே ஆடியோவாக இருப்பது பக்கத்துக் கணினியில் கிராஃபிக்ஸாக இருக்கலாம். டிரைவர்களைப் பட்டியலிடும் /எனும்-டிரைவர்ஸ் ஓட்டி, அசல் ஐஎன்எஃப் பெயரை வைத்து அந்தக் கணினியின் எண்ணைத் தேடி எடுத்த பிறகே /டெலீட்-டிரைவர்.