வாசகர் வினா - விடை: மான் பருவத்துக்கு முன் காட்டை நடந்து பார்த்தல்

வினா: கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வசிக்கும் என் தம்பி, உரிய அனுமதிப்பத்திரம் பெற்று நவம்பர் மாதத்தில் மான் வேட்டைக்குச் செல்பவர். செப்டெம்பர் இறுதியில் நான் அங்கு போகவிருப்பதால், பருவம் தொடங்குமுன் முடிக்குரிய காணி எனப்படும் அரச காணிக் காடுகளை நடந்து பார்க்கத் தன்னுடன் வருமாறு கேட்கிறார். அந்த நடையில் எவற்றைக் கவனிக்க வேண்டும்? எவற்றைத் தவிர்க்க வேண்டும்?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

விடை: மான் எங்கே உண்கிறது, எங்கே படுக்கிறது, இவ்விரண்டுக்கும் இடையே எவ்வழியாகப் போய்வருகிறது என்பவற்றை அறிந்துகொண்டு, நீங்கள் வந்துபோனதை அது உணராதபடி திரும்புவதே அந்த நடையின் நோக்கம். ஒரு மானைக்கூடக் காணாமல் திரும்பினாலும் அது நல்ல நடையாக இருக்கலாம்.

முதலில் காணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 87 வீதம் முடிக்குரிய காணியாயினும், அதில் பெரும்பகுதி வடக்கிலேயே உள்ளது; தெற்கே தனியார் காணிகளுக்கு நடுவே துண்டு துண்டாகவே அது கிடைக்கும். மரத்திலோ வேலிக் கம்பத்திலோ சிவப்பு நிறக் குறி தீட்டப்பட்டிருந்தால் உள்ளே நுழையக் கூடாது. மஞ்சள் குறி என்றால் சில தேவைகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. முடிக்குரிய காணியிலும் சில இடங்களில் வேட்டைக்கு இடமில்லை என்பதால், எல்லைகளைத் தம்பி வரைபடத்தில் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்வது நல்லது. அந்த மாகாணத்தின் சட்டத்தில் சுடுவது மட்டுமன்றி, கொல்லும் நோக்குடன் விலங்கைத் தேடுவதும் தடம்பற்றிச் செல்வதும்கூட வேட்டை என்ற வரையறைக்குள் அடங்குகின்றன. ஆகவே பருவத்துக்கு முந்திய இந்த நடையில் துப்பாக்கியோ வில்லோ உங்கள் இருவர் கையிலும் இருக்கக் கூடாது.

காட்டுக்குள் நுழைந்ததும் உணவைத் தேடுங்கள். அங்கு வாழும் வெள்ளைவால் மான், எங்கள் புள்ளிமானைப் போலத் திறந்த வெளியில் பெருங்கூட்டமாகப் புல் மேய்வது குறைவு. இலை, தளிர், காய் கொட்டைகளை நாடிக் காட்டோரங்களில் சிறு சிறு குழுக்களாகத் திரியும். செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் ஓக் மரங்களின் கொட்டைகள் உதிரத் தொடங்கியதும் மான்கள் அம்மரங்களை நோக்கி வரும். வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவாதலால் அதையே முதலில் உண்ணும். அது ஒரே ஆண்டில் முற்றும். சிவப்பு ஓக் கொட்டை முற்ற இரண்டு ஆண்டுகள் எடுக்கும். எனவே சிவப்பு ஓக்கின் கிளைகளில் இப்போது தெரியும் சிறு பிஞ்சுகள் அடுத்த ஆண்டுக்கானவை.

கடிபட்ட தளிர்களையும் பாருங்கள். ஆடுமாடுகளைப் போலவே மானுக்கும் மேல்வாயின் முன்புறத்தில் வெட்டும் பற்கள் இல்லை. அதனால் அது கடித்த நுனி பிய்த்ததுபோல் நார்நாராக இருக்கும். முயல் கடித்ததாயின் கத்தியால் சரிவாக நறுக்கியதுபோலத் தெரியும். புழுக்கை பளபளப்பும் ஈரமுமாக இருந்தால் புதிது. மங்கி உலர்ந்திருந்தால் பழையது. குளம்புச் சுவட்டை மட்டும் வைத்து ஆண், பெண் என்று தீர்ப்புச் சொல்வோரை நம்பவேண்டாம்.

செப்டெம்பரில் கொம்பின் மேலுள்ள மென்தோல் உரிந்த பிறகு, ஆண் மான்கள் இளமரங்களில் கொம்பை உரசிப் பட்டையைக் கிழிக்கும். பின்னர் தாழ்ந்த கிளையொன்றின் கீழ் நிலத்தைக் குளம்பால் கிளறி மணம் விட்டுச் செல்லும். இவற்றைக் கண்டவுடன் இடம் அகப்பட்டுவிட்டதென்று மகிழ்வோர் பலர். ஆனால் அவ்வடையாளங்களில் பல இரவில் உண்டானவையாக இருக்கும். என் மதிப்பில், உணவிடத்துக்கும் படுக்கைக்கும் இடையே உள்ள தடமொன்று ஓடையையோ சரிவையோ கடக்கும் ஒடுங்கிய இடமே அவற்றைவிடப் பெறுமதியானது. இலைச்சருகில் மான் உடல் அழுந்திய நீள்வட்டப் பள்ளங்கள்தான் படுக்கைகள். அவற்றைக் கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு உடனே விலகுங்கள். சுற்றிச்சுற்றிப் பார்த்தால் மான் அவ்விடத்தையே விட்டுப் போய்விடக்கூடும்.

மூக்குத்தான் மானின் பெரும் காவல். காற்று உங்கள் முகத்தில் படும்படி நடங்கள். மலைச்சரிவில் காலை வெயில் ஏறும்போது காற்று மேல்நோக்கிச் செல்லும். மாலை குளிரும்போது கீழ்நோக்கி இறங்கும். மான்கள் பெரும்பாலும் படுத்திருக்கும் நடுப்பகலில் உணவிடங்களைப் பார்த்துவிட்டு, மாலைக்கு முன் வெளியேறுவது நல்லது. பொதுக் காணியில் மற்றவர்களும் நடப்பார்கள். வாகனம் நிறுத்தும் இடத்துக்கு அருகிலேயே பலர் நின்றுவிடுவதால், சதுப்பையோ ஓடையையோ தாண்டிப் போவோருக்கே அமைதியான இடம் கிடைக்கும்.

ஒக்டோபரில் பல பகுதிகளில் வில் வேட்டை தொடங்கிவிடும். துப்பாக்கிப் பருவத்தில் மான் வேட்டையாடுவோர் இடுப்புக்கு மேல் குறைந்தது 400 சதுர அங்குல ஒளிர் செம்மஞ்சள் உடையும் அதே நிறத் தொப்பியும் அணிய வேண்டும் என்பது அங்குள்ள விதி. வெறுமனே நடந்து பார்க்கும் நீங்களும் அதே நிறத்தை அணிந்துகொள்ளுங்கள். கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகி, வீடு திரும்பியதும் உடலைச் சோதியுங்கள். கைத்தொலைபேசித் தொடர்பு இல்லாத இடங்கள் உண்டு; திசைகாட்டி அவசியம்.

வினா: நம் மாவட்டக் காடுகளிலும் இவ்வாறு நடந்து பார்க்கலாமா? பயிர்க் காவலுக்கான துப்பாக்கி என்னிடம் உள்ளது.
– வாசகர், மூதூர்

விடை: வேட்டைக்காகவென்றால் கூடாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் புள்ளிமானையும் மரையையும் பாதுகாக்கிறது. மான் வேட்டைப் பருவம் என்பதே இங்கு இல்லை. பயிர்க் காவலுக்குப் பெற்ற துப்பாக்கியை மானை நோக்கித் திருப்புவது குற்றம்.

தடம் வாசிக்கப் பழக விரும்பினால், கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெடெரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களே போதும். அவை மனிதருக்குப் பழகியவை என்பதால் காட்டு மானின் எச்சரிக்கையை அவற்றிடம் காண முடியாது; ஆயினும் சுவடு, புழுக்கை, பிய்ந்த தளிர், கொம்புரசிய பட்டை ஆகிய நான்கையும் அங்கு அருகிருந்து பார்க்கலாம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் சென்றால் ஈர மண்ணில் சுவடுகள் தெளிவாக இருக்கும். உணவு எதையும் கொடுக்காதீர்கள். பொலித்தீன் பைகளை அங்கே விட்டுவராதீர்கள், அவற்றை விழுங்கும் மான் இறக்கக்கூடும்.