ஓடாத படகுக்கும் காப்பீடு வேண்டுமா?

கேள்வி: விடுமுறை நாட்களில் குடும்பத்துடன் ஏரியில் சுற்றிவரப் பழைய மோட்டார் படகு ஒன்றை மலிவாக வாங்கியிருக்கிறேன். போனால் போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய தொகைதான். ஆண்டுக்குப் பத்து நாள்கூட ஓடாத படகுக்குக் காப்பீடு எதற்கு?

பதில்: படகின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் உங்கள் வாதம் சரிதான். ஆனால், உங்கள் பொறுப்பு அந்த விலையோடு நிற்பதில்லை என்பதே என் கவலை. படகுக்கு பிரேக் கிடையாது. எஞ்சினை நிறுத்திய பிறகும் அது சற்றுத் தூரம் போய்த்தான் நிற்கும். அந்த இடைவெளியில் நீந்திக்கொண்டிருப்பவர் ஒருவர்மீது படகு மோதிவிட்டால், அவருடைய மருத்துவச் செலவும் வருமான இழப்பும் உங்கள் சேமிப்பைக் கரைத்துவிடக்கூடும். மூன்றாம் நபருக்கான பொறுப்புக் காப்பீடு இதற்காகத்தான் இருக்கிறது.

பத்து நாள் ஓடும் படகு, மற்ற நாட்களில் ஆளில்லாமல் தண்ணீரில் கட்டிக் கிடக்கிறது அல்லவா? நீர்மட்டத்துக்குக் கீழே ரப்பர் குழாயை இறுக்கிப் பிடித்திருக்கும் விரலகல கிளாம்ப் ஒன்று துருப்பிடித்து அறுந்தால் போதும். உள்ளே வரும் நீரைப் பம்ப் இறைத்துக்கொண்டே இருக்கும்; பேட்டரி தீர்ந்ததும் அதுவும் நின்றுவிடும். காலையில் நீங்கள் பார்ப்பது, நீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் படகின் மூக்கையும் சுற்றிலும் பரவிய எண்ணெய்ப் படலத்தையும்தான். அப்போது 'போனால் போகட்டும்' என்று விட முடியாது. மூழ்கிய படகைத் தூக்குவதும், சிந்திய எரிபொருளை அகற்றுவதும் பல நாடுகளில் உரிமையாளரின் கடமை. அந்தச் செலவு படகின் விலையையே மிஞ்சிவிடலாம்.

வீட்டுக் காப்பீட்டில் இது அடங்கும் என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அடங்காது, அடங்கினாலும் சிறு தொகைதான். பாலிசி எடுக்குமுன், மூழ்கிய படகை அகற்றும் செலவு தனியாகத் தரப்படுமா, படகின் காப்பீட்டுத் தொகையிலிருந்து கழிக்கப்படுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேய்மானத்தையும் துருவையும் பல பாலிசிகள் ஏற்பதில்லை. ஆகவே, அந்தத் துருவால் படகு மூழ்கினால் இழப்பீடு உண்டா என்பதையும் கேட்டாக வேண்டும். உங்கள் மகனோ நண்பரோ ஓட்டலாமா, பின்னால் கயிறு கட்டி ஆளை இழுத்துச் செல்லலாமா என்பவற்றுக்கும் நிபந்தனைகள் இருக்கும்.

பிரீமியம் சுமையாகத் தெரிந்தால், படகின் சேதத்துக்கான பகுதியை விட்டுவிட்டு, மூன்றாம் நபர் பொறுப்பையும் அகற்றும் செலவையும் மட்டுமாவது எடுங்கள். மலிவான படகுக்கு அதுவே பொருத்தம் என்பேன். எஞ்சினின் வயதையும் பழைய பழுதுகளையும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள், ஏனெனில் மறைத்தது பின்னால் தெரியவந்தால் க்ளெய்மே மறுக்கப்படலாம். விண்ணப்பிப்பதற்கு முன், எஞ்சின் பகுதியின் மூடியைத் திறந்து ஒவ்வொரு கிளாம்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். துருவேறியதை மாற்றிவிட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.