வண்டி இடித்துவிட்டது, இனி என்ன? புதிதாக ஓட்டுகிறவர்களின் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி நீதிமன்றங்களில் விபத்து வழக்குகளைத்தான் அதிகம் நடத்துகிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாதவர்கள் எழுதியவை. படிக்கும்போதே அவர்களுடைய பதற்றம் தெரிகிறது. ஐந்து கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. பென்னாகரம் ரோட்டில் பால் கேனோடு எக்ஸ்.எல். வண்டியில் வந்த பெரியவரை இடித்துவிட்டேன். கால் எலும்பு முறிந்துவிட்டது. நானே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். "நாற்பதாயிரம் கொடுத்து, பேப்பரில் எழுதி வாங்கிக்கொள், ஸ்டேஷனுக்குப் போகாதே" என்கிறார்கள் ஊரில். செய்யலாமா?

வேண்டாம் தம்பி. ஆனால் அவரை விட்டுவிட்டு ஓடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்களே, அதற்காக உங்களை மதிக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு முதலில் கேட்பதும் அதைத்தான். அடுத்து, 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கூட்டம் அடிக்க வருகிற நிலைமை என்றால் அந்த இடத்தில் நின்று அடி வாங்க வேண்டியதில்லை, நேராக ஸ்டேஷனுக்குப் போய்விடலாம்.

அந்தப் பேப்பர் உங்களைக் காப்பாற்றாது. இன்றைக்கு நாற்பதாயிரத்துக்குச் சரி என்கிறவர், எலும்பு கூடாமல் மறுபடியும் ஆபரேஷன் என்றால் என்ன செய்வார்? விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குத்தான் போவார். அது அவருடைய உரிமை. அன்றைக்குக் கம்பெனி, "எங்களுக்கு ஏன் சொல்லவில்லை, எங்கள் சம்மதம் இல்லாமல் எப்படிப் பணம் பேசினீர்கள்" என்று கேட்கும். கம்பெனியைக் கேட்காமல் தவறை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்குக் கொடுப்பதோ கூடாது என்பது பாலிசியில் உள்ள நிபந்தனை.

இன்னொன்றும் யோசியுங்கள். நம் வண்டியால் அடிபட்டவருக்காகப் போடுகிற தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸில் உடல் காயத்துக்கு உச்சவரம்பு கிடையாது. தீர்ப்பாயம் சொல்கிற தொகையைக் கம்பெனி கட்டும். பால் ஊற்றிப் பிழைக்கிறவர் மாதக்கணக்கில் படுத்துவிட்டால் நாற்பதாயிரம் எந்த மூலைக்கு? புகார் பதிவானால்தான் அவருக்கு முறையான இழப்பீடு கிடைக்கும். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் மட்டுமல்ல, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு.

வழக்கை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எலும்பு முறிவு என்றால் சட்டத்தில் கொடுங்காயம். குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125(பி) பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். போடுவார்கள். 125(பி)-க்கு அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு, ஆனால் ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து முடித்ததும் வண்டியைத் திரும்பக் கேட்கலாம். பெரியவருக்கு மருந்துச் செலவுக்கு உங்களால் முடிந்ததைக் கொடுங்கள், அதற்கு ரசீதும் வாங்குங்கள். அதில் ‘முழு செட்டில்மென்ட்’ என்று மட்டும் எழுத வேண்டாம்.

மகனிடம் எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) மட்டும்தான் இருக்கிறது. காவேரிப்பட்டணம் அருகே பைக்கில் வந்தவர்மேல் மோதிவிட்டான். "நீங்கள் ஓட்டியதாகச் சொல்லிவிடுங்கள்" என்கிறார் மைத்துனர். கார் என் பெயரில் இருக்கிறது.

இதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆள் மாற்றிச் சொன்ன வழக்குகள் எப்படி முடிகின்றன என்று பார்த்தவன் சொல்கிறேன். அடிபட்டவர் முகத்தைப் பார்த்திருப்பார். ரோட்டோரக் கடையின் கேமராவில் பதிவாகியிருக்கும். உங்கள் செல்போன் அந்த நேரத்தில் வேறு ஊரில் இருந்திருக்கும். பொய் உடைகிற அன்று, அதுவரை ஒரு கவனக்குறைவு வழக்காக இருந்தது அப்பாவும் மகனும் சேர்ந்து செய்த மோசடியாகிவிடும். கம்பெனியும் கையை உதறிவிடும்.

உண்மையைச் சொன்னால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. எல்.எல்.ஆரும் லைசென்ஸ்தான் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல், ஸ்வரண் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரா, முன்னும் பின்னும் ‘எல்’ போர்டு இருந்ததா என்பதுதான் கேள்வி. இருந்தது என்றால் பாலிசி செல்லும். அவன் தனியாக ஓட்டியிருந்தால், அடிபட்டவருக்குக் கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு வண்டி உரிமையாளரான உங்களிடம் வசூலிக்கப் பார்க்கும். அது பெரிய சுமைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அது பணத்தோடு போகிற விஷயம்.

பையனுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் எல்லாமே வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவில் உங்களுக்கே 3 ஆண்டு சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வரலாம். அப்படியானால் இன்றே ஒரு வக்கீலை நேரில் பாருங்கள்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்து பம்பர் கீறிவிட்டது. கிளைம் செய்யலாமா?

ஒர்க்‌ஷாப்பில் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். 1500 சிசி வரையுள்ள காருக்கு எப்படியும் முதல் 1,000 ரூபாயை நீங்கள்தான் கட்ட வேண்டும். கிளைம் செய்தால் நோ கிளைம் போனஸ் போய்விடும். முதல் வருடத்துக்கு 20 சதவீதம், ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் போனால் 50 சதவீதம் வரை வளர்கிற பிரீமியச் சலுகை அது. இரண்டாயிரம், மூவாயிரம் வேலை என்றால் கையிலிருந்து கொடுத்துவிடுங்கள்.

தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் போட்டது. பின்னால் மோதிவிட்டேன். தவறு லாரியுடையதுதானே?

பெரும்பாலும் உங்களுடையது என்றுதான் முடிவாகும். முன்வண்டி திடீரென நின்றாலும் நிற்க முடிகிற இடைவெளி விடுவது பின்னால் வருகிறவர் பொறுப்பு. லாரியின் பிரேக் லைட் எரியவில்லை, இரவில் விளக்கே இல்லாமல் நின்றது என்றால் அவர் பங்கும் சேரும். லாரியின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அந்த இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களை இன்னும் பார்க்கிறேன், வயிறு கலங்குகிறது. இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது.

ஓசூரில் வேலை பார்க்கிறேன். சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பையன்மேல் என் கார் மோதி ஆறு வாரம் ஆகிறது. அவன் தேறி பள்ளிக்கூடம் போகிறான். எனக்குத்தான் ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிறது. "பொம்பளைப் பிள்ளைக்குக் கார் எதுக்கு" என்கிறார்கள் வீட்டில்.

வீட்டில் சொல்வதை விடுங்கள் அம்மா. என்னிடம் வருகிற ஆண்களுக்கும் இதே நடுக்கம்தான், வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கு அடிபட்டதில் உங்கள் மனம் இவ்வளவு பதறுகிறதென்றால் ரோட்டில் உங்களை நான் நம்புவேன்.

நான் சட்டம் படித்தவன், மனநல மருத்துவன் இல்லை. ஆறு வாரமாகியும் அந்தக் காட்சி தூக்கத்தில் வருகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். வண்டியைப் பொறுத்தவரை, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரை மறுபடியும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கூட்டம் இல்லாத ரோட்டில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். அடுத்த வாரம் பதினைந்து நிமிடம். விபத்து நடந்த ரோட்டுக்குக் கடைசியாகப் போகலாம்.

அப்புறம், அந்தப் பையனை ஒருமுறை போய்ப் பாருங்கள். அம்மாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள். அவன் வீட்டில் கோபமாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் அங்கே பேச வேண்டாம்.