சார்ஜ் ஏறுகிறது, கணினியில் போன் தெரியவில்லை: புது போன் வாங்கணுமா?

கேள்வி: இணையப் பக்கங்கள் வடிவமைப்பது என் வேலை. கணினியில் ஒழுங்காகத் தெரியும் ஒரு பக்கம் என் ஆண்ட்ராய்டு போனில் மட்டும் குலைந்து போகிறது. போனை யூஎஸ்பியில் இணைத்து, கணினியில் உள்ள க்ரோம் வழியாக டீபக் செய்யலாம், அதாவது கோளாறு எங்கே என்று தேடலாம் என்று பார்த்தால் போனே பட்டியலில் வரமாட்டேன் என்கிறது. செட்டிங்ஸில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியைத் திறந்துவிட்டேன், யூஎஸ்பி டீபக்கிங்கும் ஆனில்தான் இருக்கிறது, சார்ஜும் நன்றாக ஏறுகிறது. போர்ட் (கேபிள் செருகும் துளை) போய்விட்டது, புது போன் வாங்கிவிடு என்கிறார் நண்பர். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது "சார்ஜ் நன்றாக ஏறுகிறது" என்பதுதான். அதை வைத்து கேபிள் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டீர்கள், அங்கேதான் சந்தேகம். சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் ஓடுகின்றன, இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு டேட்டாவுக்கு. சின்னச் சின்ன மின்சாதனங்களோடு பெட்டியில் வரும் மெல்லிய கேபிள்கள் பலவற்றில் டேட்டா கம்பி இரண்டும் இருக்கவே இருக்காது. அந்தக் கேபிளில் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் சார்ஜ் போடலாம், ஆனால் போன் ஒன்று இணைந்திருக்கிறது என்பதே கணினிக்குத் தெரியாது. வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. டேட்டா கம்பி இருந்தும் அடிக்கடி மடங்கும் இடத்தில் அது உள்ளே அறுந்துபோன கேபிள்களும் உண்டு, அதிலும் சார்ஜ் பாட்டுக்கு ஏறிக்கொண்டேயிருக்கும்.

சோதிப்பது சுலபம். டீபக்கிங்கை ஒரு ஓரமாக வைத்துவிட்டு போனைக் கணினியில் செருகுங்கள், மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்துப் பாருங்கள். யூஎஸ்பி பற்றிய ஒரு வரி இருந்தால் அதைத் தொட்டு, சார்ஜ் மட்டும் என்று இருப்பதை ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று மாற்றுங்கள். விண்டோஸ் கணினியில் போனின் படங்கள் திறந்துவிட்டால் கேபிளும் நலம், போர்ட்டும் நலம், உங்கள் நண்பர் சொன்னதை மறந்துவிடலாம். (மேக்கில் ஃபைல்கள் தானாகத் திறக்காது, அங்கே சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யூஎஸ்பி பகுதியில் போன் பெயர் வருகிறதா என்று பார்த்தால் போதும்.) நோட்டிஃபிகேஷனே வரவில்லை, கணினியும் அசையவில்லை என்றால் முதலில் வேறு கேபிள் போடுங்கள், அப்புறம் கணினியில் வேறு துளை, நடுவில் ஹப் இருந்தால் அதை எடுத்துவிட்டு நேரடியாக. போனின் துளையையும் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். சட்டைப் பையில் சேரும் பஞ்சு அடியில் அழுந்தி, கேபிளை முழுசாக உள்ளே போகவிடாமல் தடுத்துவிடும். போனை அணைத்துவிட்டு மரத்தால் ஆன பல்குச்சியால் மெதுவாக எடுத்தால் வந்துவிடும், ஊசி கீசி எதையும் விடாதீர்கள்.

கேபிள் சரி என்றால் அடுத்து அனுமதி. டீபக்கிங்கை ஆன் செய்வது பாதி வேலைதான். கணினியோடு முதல் தடவை இணையும்போது "இந்தக் கணினியை அனுமதிக்கலாமா" என்று போன் ஒரு பெட்டியைக் காட்டும், எழுத்தும் எண்ணுமாக, அந்தக் கணினியின் அடையாளமாக ஒரு நீளமான சரமும் அதில் இருக்கும். திரை பூட்டியிருந்தால் அது உங்கள் கண்ணிலேயே படாது. அதனால் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைச் செருகுங்கள். பெட்டி வரவே இல்லையென்றால் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பழைய அனுமதிகளை எல்லாம் ரத்து செய்யும் வரி ஒன்று இருக்கும், அதை அழுத்திவிட்டு, டீபக்கிங்கை அணைத்துத் திரும்ப ஆன் செய்து, கேபிளை மறுபடி செருகுங்கள். போன வாரம் வேலை செய்தது இன்று செய்யவில்லை என்று சிலர் குழம்புவதற்கும் காரணம் இதுவாக இருக்கலாம்: ஆண்ட்ராய்டு 11 முதல், 7 நாள் பயன்படுத்தாத அனுமதியை போன் தானாகவே எடுத்துவிடும்.

விண்டோஸ் என்றால் டிரைவர் (கணினி போனோடு பேச உதவும் சின்ன மென்பொருள்) என்று இன்னொரு தொல்லை உண்டு. டிவைஸ் மேனேஜரில் போன் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் போன் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து யூஎஸ்பி டிரைவரை இறக்கிப் போடுங்கள். "எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்" என்று காசு கேட்கும் மென்பொருள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள், போன் டிரைவர் இலவசமாகவே கிடைக்கிறது. மேக்குக்கு டிரைவரே வேண்டாம். லினக்ஸில் அனுமதி இல்லை என்று வந்தால் யூடெவ் விதி (செருகிய கருவியை யார் பயன்படுத்தலாம் என்று சொல்லும் அமைப்பு) சேர்க்க வேண்டியிருக்கும்.

எந்த இடத்தில் அறுகிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமானால், கூகுள் இலவசமாகத் தரும் பிளாட்ஃபார்ம் டூல்ஸை இறக்குங்கள், கணினியிலிருந்து போனோடு பேசும் ஏடிபி என்ற நிரல் அதில் இருக்கும், அதன் "ஏடிபி டிவைசஸ்" கட்டளையை ஓட்டுங்கள். பட்டியல் காலியாக இருந்தால் கேபிள் அல்லது டிரைவர். அன்ஆதரைஸ்டு என்று வந்தால் அந்த அனுமதிப் பெட்டி. ஆஃப்லைன் என்றால் கழற்றி மாட்டுங்கள். டிவைஸ் என்றே வந்தால் போன் பக்கம் எந்தக் குறையும் இல்லை, க்ரோமைத்தான் பார்க்க வேண்டும்: க்ரோம்://இன்ஸ்பெக்ட் பக்கத்தில் யூஎஸ்பி கருவிகளைக் கண்டுபிடி என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா, போனிலும் க்ரோம் திறந்திருக்கிறதா. போனில் க்ரோம் மூடியிருந்தால் போன் பெயர் வந்தும் கீழே பக்கங்கள் வராது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவோ போனைக் கணினித் திரையில் காட்டும் மென்பொருளோ ஓடினால் அதையும் மூடுங்கள். ஏடிபியின் பின்னணிப் பகுதியான ஏடிபி சர்வர் 5037 என்ற போர்ட்டில் உட்கார்ந்திருக்கும் (இந்த போர்ட் துளை அல்ல, மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வழிக்கு ஒரு எண்), இரண்டு மென்பொருள் இரண்டு வெவ்வேறு பதிப்பு ஏடிபியை வைத்துக்கொண்டால் ஒன்று மற்றொன்றின் சர்வரை நிறுத்திவிட்டுத் தன்னுடையதைக் கிளப்பும், உங்கள் பட்டியலில் போன் வந்து வந்து மறையும்.

இத்தனையும் பார்த்த பிறகு நீங்கள் வாங்க வேண்டியது பெரும்பாலும் ஒரு நல்ல டேட்டா கேபிள் மட்டுமே. அட்டையில் டேட்டா டிரான்ஸ்ஃபர் அல்லது 480 எம்பிபிஎஸ் என்று தெளிவாக எழுதியிருக்கட்டும். டீபக் செய்ய அந்த வேகமே தாராளம், அதிவேக கேபிளுக்கு அதிகம் கொடுக்கத் தேவையில்லை. நீளம் ஒரு மீட்டருக்குள் இருந்தால் நல்லது. வாங்கியதும் அதன் தலையில் டேட்டா என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், வீட்டில் மற்ற கேபிள்களோடு கலந்துவிடும்.

கேள்வி: என் போனில் துளையே ஆடுகிறது, எந்தக் கேபிளும் நிற்பதில்லை. பழுது பார்க்கக் கொடுக்காமல் வைஃபையிலேயே டீபக் செய்ய முடியுமா?

பதில்: ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் என்றால் தாராளமாக. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஒயர்லெஸ் டீபக்கிங் இருக்கும். அதற்குள் ஜோடி சேர்க்கும் வரியைத் தொட்டால் ஒரு முகவரியும் 6 இலக்க எண்ணும் வரும், கணினியில் "ஏடிபி பேர்" கட்டளையோடு அதைக் கொடுங்கள், பிறகு "ஏடிபி கனெக்ட்". இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஜோடி சேர்க்கக் காட்டும் போர்ட் எண் (முகவரியின் கடைசியில் வருவது) வேறு, இணைக்கக் காட்டும் போர்ட் எண் வேறு. முதல் எண்ணையே இரண்டாவதற்கும் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று கைவிடுகிறவர்கள் நிறைய. இரண்டு கருவிகளும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், அலுவலகங்களில் இருக்கும் விருந்தினர் வைஃபை பெரும்பாலும் கருவிகளை ஒன்றோடொன்று பேச விடாது. இதற்கும் பழைய ஆண்ட்ராய்டு என்றால் முதல் தடவையாவது கேபிள் வேண்டும், அப்போது துளையைப் பழுது பார்ப்பதே சரி.

கேள்வி: போன் தெரிகிறது, ஆனால் இன்ஸ்பெக்ட் அழுத்தினால் வெள்ளைத் திரை. என் கணினியிலேயே ஓடும் லோக்கல்ஹோஸ்ட் பக்கமும் போனில் திறப்பதில்லை. இதுவும் கேபிளா?

பதில்: இல்லை, இரண்டுமே வேறு. வெள்ளைத் திரைக்குக் காரணம், உங்கள் போனில் இருக்கும் க்ரோம் பதிப்புக்கு ஏற்ற டெவ்டூல்ஸை (பக்கத்தை ஆராயும் கருவிகளை) கணினி இணையத்திலிருந்து எடுத்து வருவது. இணையம் இல்லை அல்லது அலுவலக ஃபயர்வால் தடுக்கிறது என்றால் வெள்ளையாகவே நிற்கும். பக்கத்திலேயே ஃபால்பேக் என்று ஒரு இணைப்பு தெரிந்தால் அதை அழுத்துங்கள், கணினியில் இருக்கும் பதிப்பே திறக்கும். இரண்டு க்ரோமையும் புதுப்பித்துவிடுவதும் நல்லது.

லோக்கல்ஹோஸ்ட் என்றால் போனுக்கு அது போனையே குறிக்கும், உங்கள் கணினியை அல்ல. இன்ஸ்பெக்ட் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் போய் 8080 என்றும், எதிரே லோக்கல்ஹோஸ்ட்:8080 என்றும் கொடுத்து டிக் போடுங்கள், உங்கள் சர்வர் வேறு எண்ணில் ஓடினால் அந்த எண். கணினியின் ஐபி முகவரியைப் போனில் அடிப்பதைவிட இதுவே மேல், ஏனென்றால் சர்வீஸ் ஒர்க்கர் (பக்கத்துக்குப் பின்னணியில் ஓடும் நிரல்), இருப்பிடம் போன்றவை ஹெச்டிடிபிஎஸ் அல்லது லோக்கல்ஹோஸ்டில்தான் ஓடும், வெறும் ஐபி முகவரியில் ஓடாது.

கேள்வி: சோதனைக்கென்றே ஒரு பழைய போன் வாங்குகிறேன். எதைப் பார்த்து வாங்க?

பதில்: காசு கொடுக்கும் முன் அங்கேயே செட்டிங்ஸில் பில்ட் நம்பரை 7 தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கிறதா என்று பாருங்கள். நிறுவனக் கட்டுப்பாட்டில் இருந்த போன்களில் அது பூட்டப்பட்டிருக்கலாம், அப்படிப்பட்டது உங்களுக்கு உதவாது. உங்கள் டேட்டா கேபிளையும் மடிக்கணினியையும் கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள், சார்ஜ் ஏறுவதைக் காட்டி விற்பவரை நம்பாதீர்கள். க்ரோமைப் புதுப்பிக்க முடிகிறதா என்பதும் முக்கியம், மிகப் பழைய ஆண்ட்ராய்டுகளுக்கு புதுப் பதிப்புகள் வருவது நின்றுவிட்டது. கேமரா மங்கலாக இருந்தாலும், பேட்டரி தளர்ந்திருந்தாலும் பரவாயில்லை, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். ஐபோன் வாங்க நினைத்தால் இன்னொரு கணக்கும் போடுங்கள்: அதன் சஃபாரியை ஆப்பிள் தரும் வழியில் டீபக் செய்ய மேக் வேண்டும். கையில் மேக் இல்லையென்றால் ஆண்ட்ராய்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.