இரண்டு கோடு விழுந்தாலே எச்ஐவியா?

கேள்வி: பொறியியல் படிக்கும் என் தம்பிக்குக் கல்லூரி முகாமில் விரல்நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கருவியில் இரண்டு கோடு விழுந்ததாம். இரண்டு நாளாகச் சாப்பிடாமல் படுத்திருக்கிறான். எச்ஐவி என்று முடிவாகிவிட்டதா?
- வாசகி, விருதுநகர்

பதில்: இல்லை, சகோதரி. முதலில் தம்பியைச் சாப்பிட வையுங்கள். ஒரே ஒரு கருவியில் இரண்டு கோடு விழுந்தால், இன்னும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ளவர்களில் எச்ஐவி தொற்று சுமார் 0.2 சதவீதம். மாணவர்களிடமும் அதே அளவு என்று வைத்துக்கொண்டால் 1000 பேரில் 2 பேர். தொற்று இல்லாத 1000 பேரில் 5 பேருக்கு மட்டுமே தவறாகக் காட்டும் நல்ல கருவியாக இருந்தாலும், மொத்தம் 7 பேருக்கு இரண்டு கோடு விழும். அவர்களில் 5 பேருக்குத் தொற்றே இருக்காது! இதே கருவியைத் தென்னாப்பிரிக்காவில் வைத்தால் கணக்கு தலைகீழ். அங்கே 2008-09இல் உயர்கல்வி நிறுவனங்களில் பெயர் குறிக்காமல் நடத்திய ஆய்வில் மாணவர்களில் 3.4 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்தது, அதாவது 1000க்கு 34. அங்கே கோடு விழுந்தவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையாகவே தொற்று இருக்கும்.

முகாமில் வேறு தவறுகளும் நடக்கும். குறித்த நிமிடங்கள் கடந்த பிறகு பார்த்தால் பொய்க்கோடு தெரியலாம். வெயிலில் நின்ற வண்டியில் சூடேறிய கருவியையும் நம்ப முடியாது.

அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப் போங்கள். கட்டணம் இல்லை. முதல் சோதனையில் தொற்று காட்டினால், வேறு வேறு வகைக் கருவிகளில் இன்னும் இரண்டு சோதனை செய்வார்கள். மூன்றும் ஒன்றுபோலச் சொன்னால்தான் தொற்று உறுதி. உறுதியானாலும், எச்ஐவிக்குச் சிகிச்சை தரும் ஏஆர்டி மையத்தில் மாத்திரை இலவசம். பலருக்குத் தினம் ஒன்றே போதும்.

கேள்வி: ரத்ததானம் செய்தால் எப்படியும் எச்ஐவி சோதிப்பார்களே, அதையே என் பரிசோதனையாக வைத்துக்கொள்ளலாமா?
- கல்லூரி மாணவர், மதுரை

பதில்: தயவுசெய்து வேண்டாம். தொற்றிய தொடக்க நாட்களில் சோதனையில் எதுவும் தெரியாது. ஆனால் ரத்தத்தில் கிருமி இருக்கும். அந்த ரத்தம் பிரசவத்தில் துடிக்கும் ஒரு பெண்ணுக்கு ஏறலாம். சந்தேகம் இருந்தால் நம்பிக்கை மையத்துக்கே போங்கள். 'தொற்று இல்லை' என்று வந்தாலும், தொற்றும் ஆபத்து (பாதுகாப்பற்ற உடலுறவு, பிறர் போட்ட ஊசி போன்றவை) நேர்ந்த நாளிலிருந்து 3 மாதம் கழித்து ஒருமுறை சோதியுங்கள். நேர்ந்து 72 மணி நேரம் தாண்டவில்லையா? உடனே மருத்துவரைப் பாருங்கள். 28 நாள் தடுப்பு மாத்திரை உண்டு. முந்திப் போகப் போகப் பலன் கூடும்.

கேள்வி: 17 வயது மாணவி தனியாகப் போய்ச் சோதிக்கலாமா? பள்ளிக்குத் தெரிந்தால் நீக்குவார்களா?
- ஆசிரியை, தேனி

பதில்: 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். தொற்றைக் காரணம் காட்டி நீக்குவதை 2017ஆம் ஆண்டு எச்ஐவி சட்டம் தடை செய்கிறது. வீட்டில் எப்படிப் பேச்சை எடுப்பது என்று தயங்கினால், 1097 என்ற இலவச எண்ணில் ஆலோசகரிடம் முதலில் கேட்கச் சொல்லுங்கள்.